ஆம்புலன்ஸ் டியூட்டியில் மனநலம் காப்பது எப்படி: ரோஸ்டரிலிருந்து (டியூட்டிப் பட்டியலிலிருந்து) தொடங்குங்கள்

அவசர மருத்துவ உதவியாளர்களின் மனநலம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் ரத்தம், விபத்து, குழந்தையின் மரணம் என்றுதான் தொடங்குகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பல வருடம் ஸ்ட்ரெச்சர் தூக்கிவிட்டு இப்போது ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிற எனக்கு, வேலையை விட்டுப் போனவர்கள் சொன்ன காரணங்கள்தான் நினைவில் நிற்கின்றன. ஷிஃப்ட் முடியப் போகும்போது வந்து விழும் கால், அதாவது அவசர அழைப்பு. மருத்துவமனை வாசலில் படுக்கைக்காக நின்ற நேரம். சக்‌ஷன் கருவி (தொண்டையில் அடைக்கும் சளி, ரத்தத்தை உறிஞ்சுவது) வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்காதது. நோயாளியின் உறவினர் சட்டையைப் பிடித்தபோது, "நீங்க என்ன பேசினீங்க?" என்று நம்மையே கேட்ட அதிகாரி. ரத்தத்தைப் பார்த்து ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சிக் காலத்திலேயே போய்விடுகிறார்கள். மற்றவர்களைத் துரத்துவது இந்தச் சில்லறை விஷயங்கள்.

அதனால் இந்தக் கட்டுரையில் மூச்சுப் பயிற்சிக்கு இடமில்லை. அது கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கச் சாப்பிடாமல் வண்டியில் இருந்தவரிடம் போய் மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் வரிசை வேறு. வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், மாற்றக்கூடியதை மாற்ற வேண்டும். மாற்ற முடியாததற்கு ஆளைத் தயார் செய்ய வேண்டும். அப்படியும் அடிபட்டவரை நேரத்தோடு கவனிக்க வேண்டும். 2021-இல் வெளியான ஐஎஸ்ஓ 45003 என்ற சர்வதேச வழிகாட்டி, வேலையிடத்து உளவியல் அபாயங்களையும் மற்றப் பாதுகாப்பு அபாயங்களைப் போலவே கண்டறிந்து குறைக்கச் சொல்கிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் வேலை அமைப்பை மாற்றுவது ஒரு பரிந்துரை. மேலிடத்தில் பேசப் போகும்போது இது கையில் இருக்கட்டும். நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

இரண்டு வாரம் எழுதுங்கள்

பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் மூன்று வரி. இன்று என்னை அதிகமாகச் சோர வைத்தது எது? அதை யாராவது மாற்றியிருக்க முடியுமா, முடியும் என்றால் யார்? எப்போது சாப்பிட்டேன், எப்போது சிறுநீர் கழித்தேன், எத்தனை மணி நேரம் தூங்கிவிட்டு வந்தேன்? கடைசிக் கேள்வியைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. இரண்டு வாரம் கழித்து அந்த வரியைத்தான் அவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். தண்ணீர் குடித்தால் வழியில் நிறுத்த வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எங்கள் வேலையில் ஏராளம். அவர்கள் எழுதும் "தலைவலி, எரிச்சல்" என்ற வரிக்குக் காரணம் பாதி நாள் அதுவாகத்தான் இருக்கிறது.

நோயாளியின் பெயர், முகவரி எதையும் எழுதக் கூடாது. கூட வரும் டிரைவரும் தனியாக எழுதட்டும். முடிந்ததும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வண்டியில் ஒரே கேஸுக்குப் போன இருவரை வேறு வேறு விஷயங்கள் உறுத்தியிருக்கும். உள்ளே நோயாளியோடு இருப்பவருக்குக் கையில் வேலை இருக்கிறது. டிரைவருக்குக் காதில் விழும் சத்தம் மட்டும்தான். என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஓட்ட வேண்டும், வழிவிடாத வண்டிகளோடு போராட வேண்டும். மனநலக் கூட்டங்களுக்கு அவர்களைக் கூப்பிடுவதேயில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: வேலையோடு ஒட்டிப் பிறந்தவை, ஏற்பாட்டுக் கோளாறால் வந்தவை, மனிதர் மனிதருக்குச் செய்தவை. பெரும்பாலும் நடுக் குவியல்தான் உயரமாக இருக்கும். முறையான கேள்வித்தாள்தான் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், வேலைச் சூழலின் அழுத்தத்தை அளக்கும் கோபன்ஹேகன் உளசமூகக் கேள்வித்தாள் என்று ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதன் சுருக்க வடிவமே போதும்.

தூக்கம்

ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் சரிசெய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் வழக்குப் போடுவார்கள். நாம் அந்த நிலையில் சைரன் போட்டு ஓட்டுகிறோம், மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிறோம்.

2018-இல் அமெரிக்காவில் அவசர மருத்துவச் சேவைக்கென்றே சோர்வு மேலாண்மைப் பரிந்துரைகள் வெளியாயின. மொத்தம் ஐந்துதான். கேள்வித்தாள் வைத்துச் சோர்வை அளவிடுவது, ஷிஃப்டை 24 மணி நேரத்துக்குக் குறைவாக வைப்பது, காபி போன்ற காஃபீன் கிடைக்கச் செய்வது, டியூட்டியில் குட்டித் தூக்கத்துக்கு வாய்ப்புத் தருவது, சோர்வைப் பற்றிப் பயிற்சி கொடுப்பது. இதில் எதற்கும் பெரிய செலவில்லை. இருந்தும் டியூட்டியில் கண் மூடுகிறவரைச் சோம்பேறி என்று பார்க்கும் பழக்கம் போகவில்லை.

குட்டித் தூக்கத்தை இப்படி ஏற்பாடு செய்யுங்கள். இரவு இரண்டிலிருந்து ஆறு மணி வரைதான் உடம்பு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம். அதற்கு முன்பே, கால் இல்லாத இடைவெளியில், ஒருவர் இருபது முதல் முப்பது நிமிடம் தூங்கட்டும், மற்றவர் போனைப் பார்த்துக்கொள்ளட்டும். தூங்கி எழுந்தவுடன் பதினைந்து, இருபது நிமிடம் தலை மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் கால் வந்தால், இருவருமே ஓட்டக்கூடியவர்கள் என்றால், விழித்திருந்தவர் ஓட்டட்டும். இப்போதுதான் எழுந்தவர் மருந்து அளவைத் தனியாக முடிவு செய்ய வேண்டாம், வாய்விட்டுச் சொல்லி மற்றவரிடம் சரிபார்க்கட்டும். வண்டியில் டிரைவரும் உதவியாளரும் மட்டும்தான் என்றால் டிரைவருக்கு முதலில் தூக்கம் கொடுங்கள். காபி, டீயை ஷிஃப்டின் முதல் பாதியோடு முடித்துவிடுங்கள். படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் குடித்தது கூடத் தூக்கத்தைக் கெடுக்கும்.

ரோஸ்டர் போடுகிறவர்களுக்கு: ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 11 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதியில் இருக்கும் குறைந்தபட்ச ஓய்வு அதுதான். காகிதத்தில் 11 இருந்து, கடைசிக் காலால் டியூட்டி இரண்டு மணி நேரம் நீண்டால் கையில் மிஞ்சுவது 9. அப்படி நீண்ட நாளுக்கு மறுநாள் தாமதமாக வர அனுமதி உண்டு என்பதை விதியாக எழுதி வையுங்கள். வாய்வார்த்தையாக இருந்தால் கேட்கத் துணிகிறவருக்கு மட்டும் கிடைக்கும். சுழற்சியைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி நகர்த்துங்கள். இரவிலிருந்து மாலை, மாலையிலிருந்து காலை என்று பின்னோக்கிப் போனால் உடம்பு பழக இன்னும் சிரமப்படும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் அரை மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் நிலையத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருக்கிறோம். கண் சொருகுகிறவர் அதில் படுத்து எழுந்துதான் போக வேண்டும். நிர்வாகத்திடம் நான் வாதாடிப் பெற்றவற்றில் மலிவானது அது. பயன்பட்டதும் அதுதான் அதிகம்.

மருத்துவமனை வாசலில் நிற்கும்போது

நோயாளியை இறக்க முடியாமல் காத்திருப்பது வெறும் தாமதம் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பொறுப்பு முழுக்க நம் தலையில், அதிகாரம் துளியும் கையில் இல்லை. ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதிய வேலை அழுத்தக் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: சுமை அதிகமாகவும் கட்டுப்பாடு குறைவாகவும் சேர்ந்து வரும் வேலைதான் ஆளை நொறுக்கும்.

அங்கே நிற்கும்போது கொஞ்சம் கட்டுப்பாட்டை நம் பக்கம் இழுக்கலாம். வந்த நேரத்தைப் பதிவு செய்து அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியரிடம் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நிலை மோசமானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். கன்ட்ரோல் ரூமுக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு தகவல். நீங்கள் வாயே திறக்காவிட்டால் சும்மா நிற்கிறீர்கள் என்றுதான் அங்கே திரையில் தெரியும். ஒருவர் நோயாளியோடு நிற்க, மற்றவர் போய்ச் சாப்பிட்டு வரட்டும். இருவரும் சேர்ந்து பட்டினி கிடப்பதில் எந்தத் தியாகமும் இல்லை.

கை ஓங்கினால்

வீட்டுக்குள் நுழையும்போதே வெளியேறும் வழியைப் பாருங்கள். நோயாளியைப் பார்க்கும் ஆள் குனிந்திருப்பார், அவருக்கு முதுகுப் பக்கம் தெரியாது. அதனால் மற்றவர் கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்கட்டும். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வாக்கியம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பெரிய சிலிண்டர் கொண்டு வரணும்" என்றால் இருவரும் வெளியே வர வேண்டும் என்று எங்களுக்குள் அர்த்தம். அதைச் சொன்னவரிடம் ஏன் சொன்னாய் என்று அங்கே வைத்துக் கேட்கக் கூடாது.

கெட்ட வார்த்தை திட்டியதையும் அறிக்கையாக எழுதுங்கள். "இதெல்லாம் இந்த வேலையில் சகஜம்" என்று விட்டுவிட்டால் பதிவேட்டில் வன்முறையே இருக்காது. பதிவேட்டில் இல்லாததற்கு நிர்வாகம் ஏற்பாடு செய்யாது. வேலையிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் நிறைவேறியது. வெளியாட்கள் செய்வதும், சக ஊழியரும் மேலதிகாரியும் செய்வதும் அதற்குள் வரும். சீனியர் ஒருவர் புதியவரை எல்லோர் முன்னாலும் கிண்டலடித்து "தேற்றுவது" நோட்டில் பிரித்த மூன்றாவது குவியலைச் சேர்ந்ததுதான். என் ஷிஃப்டில் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஒரு கேஸ் மனதில் தங்கிவிட்டால்

எந்த கேஸ் தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரிய பேருந்து விபத்துக்குப் போய் வந்து நன்றாகத் தூங்கியவர், தனியாக இறந்து கிடந்த முதியவர் ஒருவரின் அறையில் இரண்டு தட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு நாள்கணக்கில் அதையே பேசுவார். தன் குழந்தையின் வயது, தன் அப்பாவின் சாயல், தெரிந்த முகம் ஆகியவை கலந்தால் இன்னும் ஆழமாக இறங்கும்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை சாதாரணமானவை. கன்ட்ரோல் ரூமில் சொல்லி வண்டியைச் சிறிது நேரம் கால் எடுக்காமல் நிறுத்துங்கள். இதற்குத் தனி அனுமதி தேவைப்படாதபடி முன்பே விதி இருக்க வேண்டும். உடை மாற்றுவது, கை கழுவுவது, ஏதாவது குடிப்பது. வண்டியைச் சுத்தம் செய்யும் வேலையை அந்தக் கேஸைப் பார்த்தவரே முழுக்கச் செய்ய வேண்டாம். ஆனால் சிலருக்குக் கைகள் அசைந்தால்தான் மனம் அடங்கும். பையை எடுத்து அடுக்கத் தொடங்குகிறவரைத் தடுக்காதீர்கள். "சொல்லுப்பா, மனசுல இருக்கறத சொல்லு" என்று யாரையும் நெருக்காதீர்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தீயணைப்பு வேலையிலும் ஆம்புலன்ஸிலும் இருந்த ஜெஃப்ரி மிட்செல் 1983-இல், சம்பவம் நடந்த சில நாட்களில் குழுவை உட்கார வைத்து நடந்ததை விரிவாகப் பேச வைக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002 ஆய்வுத் தொகுப்பு, ஒரே ஒரு அமர்வில் தனி நபரைப் பேச வைப்பது மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்றது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் விபத்து போன்றவற்றில் சிக்கியவர்கள், மீட்கப் போனவர்கள் அல்ல. அதனால் நம் வேலைக்கு அது அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம். இருந்தாலும் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டியும் அந்த வகை அமர்வு வேண்டாம் என்கிறது. நான் செய்வது இதுதான்: எல்லோரையும் கட்டாயமாக உட்கார வைப்பதில்லை. கருவி வேலை செய்ததா, எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்ற வேலை சார்ந்த ஆய்வை மட்டும் குழுவாகச் செய்கிறோம். மனதைப் பற்றிப் பேச விரும்புகிறவருக்கு ஆள் இருக்கிறார், கதவு திறந்திருக்கிறது.

அந்த ஆளை முன்பே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். மேலதிகாரியாக இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடு சொல்லும் மூன்று படிகள் போதும்: பார், கேள், தேவையான உதவியோடு இணை. ஆறுதல் வசனம் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இதைவிட அதிகப் பலன் தருவது ஒன்றிருக்கிறது. யாரும் அதை மனநல நடவடிக்கை என்று எண்ணுவதில்லை. ஒப்படைத்த நோயாளிக்கு அப்புறம் என்ன ஆனது என்று குழுவுக்குத் தெரிவிப்பது. தெரியாத முடிவை மனம் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும், அதுவும் மோசமான முடிவாகவே எழுதும். மருத்துவமனையில் ஒரு தொடர்பாளரோடு ஏற்பாடு செய்துகொண்டு, நோயாளியின் ரகசியத்துக்குக் கேடில்லாமல், "பிழைத்தார்", "அறுவை சிகிச்சைக்குப் போனார்", "நீங்கள் வந்தபோதே காப்பாற்றக்கூடிய நிலை இல்லை" என்ற அளவுக்காவது வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது செய்திதான் பலரைத் தூங்க வைத்திருக்கிறது.

அடுத்த ஒரு மாதம் கவனியுங்கள். முதல் வாரத்தில் கனவு வருவதும், திடுக்கிடுவதும், அந்தத் தெருவைத் தவிர்ப்பதும் வியாதி இல்லை. பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், குறிப்பிட்ட வகை கால்களை எடுக்கத் தயங்கினால், வீட்டில் யார் தொட்டாலும் சீறினால், மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும். அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவு முறை என்ற இஎம்டிஆர் ஆகிய இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. "எனக்கு எதுவும் நடக்கலியே, பார்த்ததுதானே" என்பார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறி கையேட்டில், கொடூரமான விவரங்களை வேலை நிமித்தமாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் மன அதிர்ச்சி நோய்க்குக் காரணமாக ஏற்கப்பட்டிருக்கிறது. உதாரணமாக அவர்கள் சொல்வதே மனித உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களைத்தான். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கினாலோ, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தாலோ ஒரு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே, தனியாக விடாமல், கூடவே போய் மருத்துவரிடம் சேர்த்துவிட்டு வர வேண்டும்.

சின்ன விஷயம்: டியூட்டி போனின் ரிங்டோனைச் சொந்த போனில் வைக்காதீர்கள். லீவு நாளில் கடையில் யாருடைய போனோ அந்தச் சத்தத்தில் அடித்து, கை நடுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மரணத்தைச் சொல்வது

இதைப் பயிற்சியில் சொல்லித் தராமல் ஆளை அனுப்புவது அநியாயம். தொடர்ந்து சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்காக நெஞ்சை அழுத்துவது) செய்து களைத்த கையோடு, முழங்காலில் இருந்தபடியே சொல்ல வேண்டியிருக்கும். உட்காருங்கள், உறவை உறுதி செய்யுங்கள், "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "நம்மைவிட்டுப் போயிட்டார்" என்றால் எந்த மருத்துவமனைக்கு என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு பேசாமல் இருங்கள். உங்கள் சட்ட விதிகள் மரணத்தை அறிவிக்க உங்களுக்கு உரிமை தராத இடத்தில், என்ன சொல்லலாம் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். சக ஊழியரோடு மாறி மாறி நடித்துப் பழகுவது கேலியாகத் தோன்றினாலும் அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் உதவும்.

களைப்பா, பர்ன்அவுட்டா?

உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட்டை நோய் என்று வைக்கவில்லை, சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றே வைத்திருக்கிறது. மூன்று அடையாளம்: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகி எதையும் ஏளனமாகப் பார்ப்பது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. லீவு எடுத்துத் தூங்கினால் முதலாவது குறையும். இரண்டாவது குறையாது. எங்கள் வேலையில் கறுப்பு நகைச்சுவை சகஜம், அதை நான் தடுப்பதில்லை, நானும் சிரிப்பேன். நோயாளி காதில் விழும்படி வரும்போதும், "மறுபடியும் அந்தக் கிழம்தானா" என்று கால் எடுக்கும்போதே முகம் சுளிக்கும்போதும்தான் கவனிக்கிறேன். அவரைத் திட்டுவதற்கு முன்னால் கடந்த மாத ரோஸ்டரை எடுத்துப் பார்ப்பேன். எத்தனை இரவு, எத்தனை ஓ.டி. (கூடுதல் நேர வேலை), எத்தனை லீவு மறுப்பு. பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும்.

மேலிடத்தில் கேட்பது

நோட்டுகளைச் சேர்த்து ஒரே தாளில் கொண்டு போங்கள். "மன உளைச்சலாக இருக்கிறது" என்று தொடங்கினால் ஆலோசகர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரச் சொற்பொழிவு வைப்பார்கள், கைதட்டிவிட்டு வருவோம். அதற்குப் பதில் எண்ணோடு பேசுங்கள்: இரண்டு வாரத்தில் எத்தனை ஷிஃப்ட் நேரம் தாண்டியது, எத்தனை நாள் சாப்பாட்டு இடைவேளை கிடைக்கவில்லை, வாசலில் நின்றது மொத்தம் எத்தனை மணி நேரம். மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம், அவற்றில் ஒன்று காசே செலவாகாததாக இருக்கட்டும். ஷிஃப்டின் கடைசி அரை மணி நேரத்தில், உயிர் ஆபத்து இல்லாத கால்களை வேறு வண்டிக்கு மாற்றுவது நல்ல தொடக்கம். கன்ட்ரோல் ரூம்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். நாம் அவர்கள் மேல் கோபப்படுகிறோம், ஆனால் அலறலை முதலில் கேட்பது அவர்கள் காதுதான்.

ஒப்புக்கொண்டதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். பதில் வராதது அடுத்த மாதத் தாளில், முதல் வரியில், பழைய தேதியோடு போகட்டும்.